சம்பந்திக்குச் சூடான இடம்

மல்சுன்னுக்கு அன்று காலையிலிருந்தே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகன் கியூஹோ கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் சியோலிலிருந்து அவளுடைய மலை வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். அதை வைத்துத் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு பந்தயம். வருகிறவர்கள் குளிருகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தரையைச் சூடாக்கும் விறகடுப்பை மூடிவிட்டு மண்ணெண்ணெய் பாய்லர் வைத்துவிடுவான் மகன்.

"இந்தக் காலத்துல யாரும்மா விறகு எரிக்கறாங்க? காட்டை அழிக்கறோம்னு நினைப்பாங்க."

"அழிக்கறதாவது! நான் கல்யாணமாகி வந்த வருஷம் உங்கப்பா வெட்டின ஓக் மரம்டா அது. அதே அடிக்கட்டை துளிர்த்துத் துளிர்த்து இன்னும் விறகு குடுக்குது. உன் மண்ணெண்ணெய் துளிர்க்குமா?"

வாய்தான் அப்படி. உள்ளுக்குள் பயம்தான். அந்த அடுப்பு போனால் அவளுக்கு வீடே போன மாதிரி.

விருந்தாளி அறை கோடை முழுக்கப் பூட்டிக் கிடந்தது. தரைக்கு அடியில் புகை ஓடும் பாதையின் கற்களில் ஈரம் ஊறியிருந்தது. விடிந்ததும் வெளிச்சுவர் அடுப்பில் தீ மூட்டி, உள்ளே வந்து தரையைத் தொட்டாள். ஜில். இன்னும் நாலு கட்டை வைத்தாள். மறுபடி தொட்டாள், அப்போதும் ஜில். கல் மெதுவாகத்தான் சூடேறும், ஏறினால் லேசில் இறங்காது. அந்த மலையில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பதறின நேரத்தில் யாருக்குப் புத்தி வேலை செய்கிறது? அடுப்பு கொள்ளுமட்டும் திணித்துவிட்டாள்.

சம்பந்தியும் மனைவியும் வந்தார்கள். அடுப்பை ஒட்டிய இடம்தான் அறையிலேயே மரியாதையான இடம். கொடுத்தால் மறுக்கக் கூடாது, உட்கார்ந்தவரை எழுப்பவும் கூடாது. சம்பந்தியை அங்கேயே உட்கார வைத்தாள். உருளைக்கிழங்கு அடை வந்தது, கிம்ச்சி வந்தது, அப்புறம் சூடும் வந்தது.

"குளிரலையே சம்பந்தி?"

"சேச்சே, இதமா இருக்கு" என்றவர் கோட்டைக் கழற்றினார். டையைத் தளர்த்தினார். இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார். நெற்றியில் வியர்வை வழிய மென்றுகொண்டிருந்தார். கியூஹோ தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை.

கருகும் வாசனை வந்தது. சம்பந்திக்குக் கீழே தரையில் ஒட்டியிருந்த எண்ணெய்க் காகிதம் பழுப்பேறிக்கொண்டிருந்தது. மரியாதையாவது மண்ணாவது!

"ஐயோ, எந்திரிங்க சம்பந்தி, வெந்துடப்போறீங்க!"

மனிதர் துள்ளி எழுந்தார். "பொண்ணைக் குடுக்கறவனுக்குப் பொறுமை இருக்கான்னு சோதிக்கறீங்களோன்னு நினைச்சேன் சம்பந்தியம்மா!"

முதலில் சிரித்தது அவர் மனைவிதான். அதோடு எல்லாரும் சிரித்து ஓய வெகுநேரமாயிற்று. கொஞ்சம் தள்ளி, சூடு பதமாக இருந்த இடத்தில் சம்பந்தி முதுகைச் சாய்த்தார். பேச்சுக்கு நடுவிலேயே குறட்டை கேட்டது.

"எழுப்பாதீங்க" என்றாள் அவர் மனைவி தாழ்ந்த குரலில். "மாத்திரை போட்டாக்கூடத் தூங்காத மனுஷன்." அவள் கண் கலங்கியிருந்தது. மல்சுன்னுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பொழுது சாயும்போது அவர் எழுந்தார்.

"மாமா, கல்யாணத் தேதி..." என்று இழுத்தான் கியூஹோ.

"அதை நீங்களே பார்த்து வைங்க மாப்ள. நான் மறுபடி எப்ப வரட்டும், அதைச் சொல்லுங்க."

மல்சுன் மகனைப் பார்த்தாள். அவன் கோடாலியை எடுக்க எழுந்துவிட்டான்.

"விறகு பத்தாதும்மா" என்றான்.