நிலுவையில் ஒரு கெண்டைப்பொடி

1

இந்தக் கதை ஓர் ஊறுகாய் பாட்டிலில் தொடங்கியது. அதை மறைத்துப் பயனில்லை; பாட்டில் இப்போதும் டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் சமையலறை ஜன்னலில்தான் இருக்கிறது. உள்ளே அரை விரல் நீளத்தில், உயிரோடு, ஒரு கெண்டைப்பொடி மீன்.

எழுதுகிறவர் ஜலஜா. மத்திய அரசில் இருபத்தெட்டு வருஷம் கோப்பு எழுதிவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவர். கோப்பில் 'நான்' கிடையாது, 'கீழே கையொப்பமிட்டவர்'தான். அந்தப் பழக்கத்தில் தன் கதையிலும் அவர் 'ஜலஜா'வாகவே வருகிறார். பொறுத்துக்கொள்ளவும்.

2

யமுனையின் வெள்ளி அலைகளினூடே —

(வெள்ளி அலையாவது! நுரைதான் இருக்கிறது. அடித்தாயிற்று.)

மதுமதி அழுதுகொண்டே —

(பொய். சிரித்துக்கொண்டுதான் வந்தாள்.)

3

நடந்தது இதுதான். மதுமதி தென்காசிக்காரி. முனிர்காவில் அறை எடுத்து, ஆற்று மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை டிபன் ஜலஜா வீட்டில். இந்த வகை மீன் டெல்லி யமுனையில் இன்னும் இருக்கிறது என்று காட்ட மூன்று வருஷம் வலை போட்டாள். கிடைத்தது இது ஒன்றுதான். மே மாதச் சூட்டில் தன் அறையில் வைத்தால் செத்துவிடும் என்று இங்கே கொண்டுவந்தாள்.

"இன்னிக்கு லேப் பூட்டியிருக்கு, ஒரே நாள் ஆன்ட்டி. திங்கக்கிழமை பதினோரு மணிக்கு வந்து எடுத்துக்கிடுதேன்."

"அப்புறம் ஆத்துல விட்டுடுவியா?"

"இல்ல ஆன்ட்டி, ஃபார்மலின்ல போடணும். வெறும் போட்டோவ கைடு ஒத்துக்கிட மாட்டாரு."

"இருக்கறதே ஒண்ணு. அதைக் கொன்னாத்தான் இருக்குன்னு நம்புவாங்களா?"

மதுமதி இன்னொரு தோசை கேட்டாள்.

(இவளைக் கல்நெஞ்சக்காரியாக எழுதிவிட்டோமோ? கிளம்பும்போது பாட்டிலருகே குனிந்து, "சாப்பிடுதியா?" என்று மீனிடம் கேட்டாள். அதையும் சேர்த்துக்கொள்ளவும்.)

4

மாலைக்குள் மீன், இட்லித் துணுக்கோடு வரும் ஜலஜாவின் விரலைத் தேடி மேலே வரக் கற்றுக்கொண்டது. மறுநாள் காலையில், ஆபீஸுக்குக் கிளம்பிய கணவர் ராமமூர்த்தி எட்டிப் பார்த்தார்.

"அதுக்கு இட்லி, எனக்கு ஓட்ஸா?"

இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். ஜலஜாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. கதைக்கு இது தேவையா என்று தெரியவில்லை, இருக்கட்டும்.

5

முடிவு அ: மீன் ஃபார்மலினுக்குப் போகிறது. மதுமதி டாக்டர் ஆகிறாள்.

முடிவு ஆ: ஜலஜா ஆட்டோ பிடித்துப் போய் ஆற்றில் விட்டுவிட்டு, செத்துப்போச்சு என்கிறார். ஒரு பெண்ணின் மூன்று வருஷம் வீண்.

முடிவு இ: மீன் தானாகவே —

(கூடாது. அது ஏமாற்று வேலை.)

சர்வீஸில் ஜலஜா ஒரு முடிவும் எடுத்ததில்லை. யோசனைகளை எழுதி, 'உத்தரவுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று மேலே அனுப்பிவிடுவார். இப்போது மேலே இருப்பது நீங்கள்தான். கோப்பு உங்கள் மேசைக்கு வந்துவிட்டது.

நிலுவைக்காக அவர் வாங்காத திட்டில்லை. ஆனால் இந்த ஒரு கோப்பு உங்களிடம் கிடக்கிற வரை மீன் நீந்திக்கொண்டிருக்கும்.

மணி பதினொன்று. யாரோ கதவைத் தட்டுகிறார்கள். நீங்கள் மெதுவாகப் படியுங்கள்.