எத்தனை நாள் ஓட்டுவீர் என்று டயர்க்கடை அண்ணாச்சி கேட்டார்

1.

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததே டயர் வாங்குவதைத் தள்ளிப்போடத்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் பைக் மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. பத்தொன்பது வயது. மாதம் இரண்டு தடவை வெளியே எடுத்தால் அதிகம். போன மழைக்கு எதிர்வீட்டுப் பூனை அதன் சீட்டில் குட்டி போட்டதிலிருந்து, வண்டி யாருடையது என்பதில் எங்கள் இருவருக்கும் ஒரு வழக்கு உண்டு. டயர் இரண்டும் வெடித்துவிட்டன. ('டமார்' என்று அல்ல. பக்கவாட்டில் கீறல் கீறலாக, காய்ந்த உப்பளத்துப் பாத்தி போல... இந்த உவமையை அடித்துவிடலாம். எங்கள் ஊர்க்காரன் எதை எழுதினாலும் உப்பளம் வந்து நடுவில் உட்கார்ந்துகொள்கிறது.)

விலை மட்டும் கேட்டுவிட்டு வரலாம் என்று வண்டியை உருட்டிக்கொண்டு இரண்டாம் ரயில்வே கேட் பக்கம் செந்தூர்வேல் அண்ணாச்சியின் டயர்க்கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு புருஷனும் பெண்சாதியும் நின்றார்கள். அவர்கள் பேசியதில் முக்கால்வாசி என் காதில் விழுந்தது. மீதிக் கால்வாசிக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறேன்.

2.

முதல் தொடக்கம்: "முத்துக் குளித்த கடற்கரையில் அன்றைய வெயில் சிப்பியின் உட்புறம் போல..."

போதும். டயர் வாங்க வந்த ஆளுக்கு முத்து எதற்கு? அண்ணாச்சி கடையில் முத்து கிடையாது, பஞ்சர் பேஸ்ட்தான் உண்டு.

இரண்டாம் தொடக்கம்: "பர்னபாஸ் துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா."

இது பொய். கடையில் நின்ற நிஜ மனுஷனை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று அவருடைய வேலையை மாற்றிப் பார்த்தேன். குமாஸ்தா என்றால் தினமும் ஆபீசுக்கு வண்டி எடுப்பார், டயர் ஒழுங்காகத் தேயும், கதை அங்கேயே முடிந்துபோகும். ஆகவே பெயரை மட்டும் மாற்றிவிட்டு, வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

3.

பர்னபாசுக்கு ஐம்பத்தாறு வயது. கப்பலில் இன்ஜினுக்கு எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்கிற இன்ஜின் ரூம் ஆயிலர். இருபத்தெட்டு வருஷமாக, வருஷத்துக்குப் பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. அந்த இரண்டு மாதம்தான் பைக்குக்கும் உயிர். கப்பலுக்குக் கிளம்புகிற அன்று வண்டியைத் தார்ப்பாயில் சுற்றி, அவர் மட்டுமே அவிழ்க்கத் தெரிந்த முடிச்சு ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார். ஒரு தடவை வண்டிப் பெட்டிக்குள் இருந்த ஆர்சி புத்தகம் தேவைப்பட்டு, பெண்சாதி ஆக்னஸ் அரிவாள்மணையைத் தூக்கிவந்து கயிற்றை அறுத்தாளாம். (இது என் கற்பனை. ஆனால் ஆக்னசைப் பார்த்தால் நீங்களும் நம்புவீர்கள்.)

இந்தத் தடவை லீவு ஐந்து மாதத்தைத் தாண்டிவிட்டது. "எப்ப போறிய? தேதி தெரிஞ்சாத்தான இறால் வாங்கிக் காயப்போட முடியும்?" என்று ஆக்னஸ் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கப்பலுக்கு இறால் பொடி இடித்துக் கொடுத்து அனுப்புவது அவள் வழக்கம். "கம்பெனிலேருந்து போன் வரும்" என்பது அவருடைய பதில்.

வருகிற ஞாயிறு புன்னைக்காயலில் ஆக்னசின் தங்கை மகனுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்குகிற விசேஷம். போயே ஆகவேண்டும். வண்டியைத் துடைக்கும்போதுதான் அவள் டயரைப் பார்த்தாள். பார்த்தவள், இதில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். டயர்க்கடை வரைக்கும்கூட ஏறவில்லை. அவர் முன்னால் பைக்கில் வர, அவள் ஓர் ஆட்டோ பிடித்து, "அந்த வண்டிக்குப் பின்னாலயே போங்க தம்பி. வேகமா வேண்டாம், டயரப் பாத்துக்கிட்டே வாரேன்" என்று சொல்லி வந்து சேர்ந்தாள்.

இது கற்பனை இல்லை. ஆட்டோக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் என்னிடம் சொன்னது.

4.

அண்ணாச்சி குத்தவைத்து உட்கார்ந்து பின் டயரை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"இது எந்தக் காலத்து டயரு வே?"

"பட்டனப் பாருங்க அண்ணாச்சி. தேயவே இல்ல. இது போட்டு ஆறாயிரம் கிலோமீட்டர்கூட ஓடிருக்காது."

"பட்டன் கெடக்கட்டும். இங்கன பாரும், நாலு நம்பர் போட்டிருக்கான். ஒண்ணு, நாலு, ஒண்ணு, பூச்சியம். ரெண்டாயிரத்துப் பத்து, பதினாலாவது வாரம் பொறந்தது. பள்ளிக்கூடத்துல சேத்திருந்தா இந்நேரம் பத்தாப்பு எழுதிருக்கும்."

ஆக்னஸ் சிரித்துவிட்டாள். "நானும் தலையால அடிச்சிக்கிட்டேன் அண்ணாச்சி. ரன்னிங் அவர்ஸ், ரன்னிங் அவர்ஸ்னு என் வாயை அடைச்சிட்டாவ."

அடிக்குறிப்பாகப் போட வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கீழே போட்டால் யாரும் படிப்பதில்லை. கப்பல் இன்ஜினில் பல பாகங்களை, எத்தனை மணி நேரம் ஓடியது என்று பார்த்துத்தான் மாற்றுவார்கள். நின்ற நேரம் கணக்கில் வராது. அதிலேயே ஊறிய மனுஷன், கரையில் விட்டுவிட்டுப் போன டயரையும் அதே கணக்கில் வைத்திருந்தார். டயரை மட்டுமல்ல, வீட்டில் விட்டுவிட்டுப் போன...

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தைரியம் வரவில்லை. தாண்டிப் போவோம்.)

"ரப்பரு நின்னாலும் கெழடாகும் வே" என்றார் அண்ணாச்சி. "தள்ளி வைக்காம ஒரே எடத்துல நின்னிருந்தா அடிப்பக்கம் சப்பையாப் போயிருக்கும். இது உருண்டையாத்தான் இருக்கு. யாரு உருட்டி வச்சது?"

"நாந்தான்" என்றாள் ஆக்னஸ். "ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு வந்து, தார்ப்பாயோட சேத்து அரை முழம் தள்ளி வைப்பேன். அடுத்த வாரம் பின்னால இழுப்பேன்."

பர்னபாஸ் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இது தெரியாது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. 'அவர் கண்கள் பனித்தன' என்று எழுதி, அடித்துவிட்டேன். பனிக்கவில்லை. பேந்தப் பேந்த விழித்தார்.

அண்ணாச்சி இரண்டு டயர்களை எடுத்துப்போட்டார். ஒன்று இந்த வருஷம் பிறந்தது. விலை கூட. மற்றது அதே கம்பெனிதான், ஆனால் நாலு வருஷமாக உள் ரூமில் கிடந்த சரக்கு. பாதி விலை. மூலையில், தேய்ந்தபிறகு மேலே புதுப் பட்டன் ஒட்டிய பழைய டயர்களும் குவிந்திருந்தன. பர்னபாசின் கண் அங்கே போவதைப் பார்த்து, "அது படகுக்கு. ஓரத்துல கட்டித் தொங்கவிட தருவைகுளத்துக்காரங்க வாங்கிட்டுப் போவாங்க. உம்ம பொஞ்சாதிய ஏத்திக்கிட்டுப் போறதுக்கு இல்ல" என்றார். பிறகு கேட்டார்: "வருசத்துக்கு எத்தனை நாளு ஓட்டுவீரு?"

"ரெண்டு மாசம்" என்றார் பர்னபாஸ், பழக்கதோஷத்தில்.

"அப்பப் பழைய சரக்கே போதும். ரெண்டு, மூணு வருசம் ஓட்டிட்டுத் தூரப் போடும்."

அப்போது ஆக்னசின் போன் அடித்தது. அவள் ஆட்டோப் பக்கம் போனாள்.

5.

"அண்ணாச்சி" என்று குரலைத் தாழ்த்தினார் பர்னபாஸ். "எது ரொம்ப வருசம் வரும்?"

"இப்பத்தான ரெண்டு மாசம்னீரு?"

"இனிமே கப்பல் இல்ல அண்ணாச்சி. மெடிக்கல்ல தள்ளிட்டான். சுகரு. நாலு மாசம் ஆச்சு. வீட்ல சொல்லல."

"ஏன் வே? திட்டுவாளோ?"

"திட்டுனாப் பரவால்ல." அவர் புது டயரில் நீட்டிக்கொண்டிருந்த ரப்பர் முடிகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தார். "அவளுக்கு என்னைய ரெண்டு மாசந்தான் பழக்கம். லீவுல வார ஆளுன்னு சீலா மீனும் கோழியுமா ஆக்கிப் போடுதா. பன்னெண்டு மாசமும் நடு வீட்ல ஒருத்தன் உக்காந்திருந்தா, அவளுக்குப் புடிக்குமா புடிக்காதான்னு எனக்குத் தெரியாது. எனக்கே என்னைய அப்படித் தெரியாது."

அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீரு எதுக்குய்யா நிக்கீரு?"

ஒட்டுக்கேட்க என்று சொல்ல முடியுமா? "காத்து அடிக்கணும்" என்றேன்.

"குழா வெளிய கெடக்கு. நீரே அடிச்சுக்கிடும்."

அடித்தேன். காது மட்டும் உள்ளேயே இருந்தது. ஆக்னஸ் திரும்பி வந்து புருஷன் பக்கத்தில் நின்றாள். அண்ணாச்சி இடுப்பில் கை வைத்தார்.

"தாயி வந்துட்டா. இப்ப நல்லா யோசிச்சுச் சொல்லும் வே. வருசத்துக்கு எத்தனை நாளு ஓட்டுவீரு?"

பர்னபாஸ் வாயைத் திறந்தார். அந்த நிமிஷம், நான் தேவையில்லாமல் அடித்த காற்றால் டேங்கில் காற்று குறைந்து, கம்ப்ரசர் தானாகவே கிளம்பிவிட்டது. அது கிளம்பினால் இரண்டாம் கேட்டில் ரயில் போனாலும் கேட்காது.

6.

ஆகவே முடிவை நானே செய்ய வேண்டியதாயிற்று. செய்தவை:

அ) "ரெண்டு மாசம்" என்கிறார். பழைய சரக்கு மாட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஆக்னஸ் புன்னைக்காயல் போகிறாள். அடுத்த வாரம் இறால் பொடி இடிக்கிறாள். அதற்கு அடுத்த வாரம் அவருடைய பெட்டியை வெயிலில் வைக்கிறாள். அதற்கு அடுத்த வாரத்தை என்னால் எழுத முடியவில்லை.

ஆ) "தினமும்" என்கிறார். ஆக்னஸ் அழுகிறாள். (அடித்துவிட்டேன். என் கதைகளில் பெண்கள் குழாயைத் திறந்த மாதிரி அழுகிறார்கள் என்று வீட்டில் ஒரு புகார் உண்டு.) ஆக்னஸ் சிரிக்கிறாள். (அடித்துவிட்டேன். எதற்குச் சிரிக்க வேண்டும்? நின்றுபோன சம்பளத்தில் பாதியாவது இனி வேறு வழியில் வரவேண்டுமே?) "எனக்கு அன்னிக்கே தெரியும்" என்கிறாள். (இதைத்தான் அழுத்தி அடித்தேன். பெண்சாதிக்கு எல்லாம் முன்னாலேயே தெரியும் என்பது, புருஷனைப் பேச வைக்கச் சோம்பல்படுகிற எழுத்தாளனின் வேலை. பாவம், அவளுக்குத் தெரியவே தெரியாது என்றால்?)

இ) அண்ணாச்சி மனம் உருகி, புது டயரைப் பழைய விலைக்குக் கொடுக்கிறார். (அண்ணாச்சியே ஒத்துக்கொள்ள மாட்டார். கதையில்கூட.)

7.

கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். பர்னபாஸ் ஒரே வார்த்தையில் முடிக்கவில்லை. நிறையச் சொன்னார். என் டயர் இரும்பாக இறுகும் வரைக்கும் சொன்னார். நடுவில் ஒரு தடவை கையை விரித்தார். ஆக்னஸ் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். டயர்க்கடையில் யாராவது உட்காருவார்களா? கால் வலியாகவும் இருக்கலாம். அவள் ஏதோ கேட்டாள், சின்னதாக. அதைக் கேட்டதும் அவர் குனிந்து நின்றார். அண்ணாச்சி இரண்டு டயரில் ஒன்றைக் காலால் ஓரமாகத் தள்ளினார். எது என்று தெரியவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் கறுப்பு.

நான் காசை மேஜையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வண்டியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்குப் போய்க் கேட்டால்கூட அண்ணாச்சி சொல்லிவிடுவார். அதற்காகவே போகாமல் இருக்கிறேன். போனால், அது சரி, நீரு எத்தனை நாளு ஓட்டுவீரு என்று என்னிடமும் கேட்பார்.

அதனால் நீங்கள் வாருங்கள். பர்னபாஸ் நிற்கிற இடத்தில் வந்து நில்லுங்கள். கையில் ரப்பர் முடி ஒட்டியிருக்கும், பரவாயில்லை. பக்கத்தில் ஆக்னஸ் நிற்கிறாள், இன்னும் உட்காரவில்லை, உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறாள். அண்ணாச்சி கேட்டுவிட்டார்.

கம்ப்ரசரை நான் நிறுத்திவிட்டேன். சொல்லுங்கள்.