இரண்டாயிரம் பயனாளர்கள்

மூக்கண்டப்பள்ளி அலுவலகத்தில் அன்று காலை இருந்தவர்கள் நாலு பேர்: வேப்பனப்பள்ளி நாராயணப்பன், அவர் மகன் சிவராஜ், வீட்டு மாப்பிள்ளை ஹரீஷ்குமார், பம்புத் தொழிற்சாலையின் மனிதவள அதிகாரி ஜோதிமணி. வேறு யாரும் இல்லை.

சிவராஜின் கம்பெனி ஒரு செயலி செய்திருந்தது. ஷிப்ட் மாற்றம், பஸ் நேரம், மெஷின் நின்றுபோன தகவல் எல்லாம் தொழிலாளியின் போனுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் போய்ச் சேரும். நல்ல சரக்குதான். ஆனால் பெங்களூர்க் கம்பெனி ஒன்று அதே மாதிரி ஒன்றை ஒரு வருஷம் இலவசம் என்று ஓசூர் முழுக்க இறக்கிவிட்டிருந்தது. ஆறே மாதத்தில் ஏழு தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் போய்விட்டன. பம்புக்காரர்களும் கையெழுத்துப் போடாவிட்டால் ஆடிக்குள் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

கம்பெனித் தலைவர் என்று நாராயணப்பன் பெயரைப் போட்டிருந்தார்கள். அந்தப் பெயருக்கு இந்தப் பக்கம் ஒரு மதிப்பு உண்டு. யாரும் இனாமாகக் கொடுத்ததல்ல.

ஜோதிமணி சேலத்துக்காரர். நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தினம் ரெண்டாயிரம் பேர் உபயோகிக்கிறாங்கன்னு எழுதியிருக்கீங்க. பெங்களூர்க்காரங்க அதுல பாதி தேறாதுன்றாங்க. பேரைக் காட்டுங்க சார், பார்த்துடலாம்."

"தாராளமா பாருங்க மேடம்," என்றார் ஹரீஷ்குமார். "அவங்களுக்கு வயித்தெரிச்சல்."

திரையில் பெயர்கள் ஓடின. நாராயணப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் அறுநூறு பேர் அவருக்குத் தெரியாதவர்கள். அதற்குப் பிறகு வந்தவர்களில் தெரியாதவர் ஒருவரும் இல்லை. வெங்கடப்பன், கோவிந்தப்பன், சரசம்மா. முதலில் பங்காளிகள், பிறகு தாய்மாமன் வகை, பிறகு சம்பந்தி வகை. சிவராஜ் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அவரே உட்கார்ந்து சொன்ன வரிசை அது. கம்ப்யூட்டரில் ஏற்றியவர் ஹரீஷ்குமார். ஒவ்வொரு பெயர் பக்கத்திலும் 'நேற்று செய்தி படித்தார்' என்று இருந்தது. வெங்கடப்பன் பக்கத்திலும் இருந்தது.

சிவராஜும் அப்போதுதான் படித்தான். ஹரீஷ்குமாரைத் திரும்பிப் பார்த்தான்.

"போதுங்க, திருப்தி," என்று ஜோதிமணி பேனாவைத் திறந்தார்.

ஹரீஷ்குமார் மாமனார் பக்கம் சாய்ந்து, சேலத்துக்காரருக்குப் புரியாத வீட்டுத் தெலுங்கில், "பேசாம இருங்க மாமா. எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் வளருது," என்றார்.

நாராயணப்பன் தமிழிலேயே பேசினார்.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க. அந்த வெங்கடப்பன் எங்க அண்ணன். மாசியில செத்துட்டாரு. செத்தவரு நேத்து பஸ் நேரத்தைப் படிச்சாருன்னு இதுல இருக்குது. அறுநூறுக்கு மேல வர்றது பூரா எங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வச்ச பேருங்க."

"அப்பா," என்றான் சிவராஜ்.

"உன் சரக்கு நல்லாதான் இருக்குது. அறுநூறு பேருன்னு சொல்லியே வித்திருக்கணும்."

ஜோதிமணி பேனாவை மூடினார். "எங்க மேலிடத்துல நான் என்னன்னு சொல்றதுங்க ஐயா?"

"நான் சொன்னதையே சொல்லுங்க. என் பேரைப் போட்டே சொல்லுங்க."

அடுத்த வாரம் பம்புக்காரர்கள் பெங்களூர்க் கம்பெனியோடு கையெழுத்துப் போட்டார்கள். ஆடி பிறக்குமுன் சிவராஜ் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டான். அப்பாவோடு இன்னும் பேசவில்லை. ஒரே வீட்டில்தான் சாப்பிடுகிறார்கள்.

பெங்களூர்க்காரர்கள் ஆள் வைத்துக் குட்டை உடைத்தார்கள் என்று குருபரப்பள்ளி வரைக்கும் பேச்சு இருக்கிறது. அப்படி இல்லை. சொன்னது நாராயணப்பன்.