நேராக இருந்த வெள்ளைக் கோடு

என் மச்சினன் மெக்கானிக். பதினெட்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறான். அவன் மாட்டிக் கொடுத்த எதையும் மறுநாள் நான் ஒருமுறை கழற்றி மாட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நான் வேலை பார்ப்பது நூலகத்தில் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவன் கைக்கணக்கில் முறுக்குவான். என்னிடம் அளவு வைத்து முறுக்கும் ரெஞ்ச் உண்டு. வேண்டிய இறுக்கம் வந்ததும் டக்கென்று சத்தம் கொடுக்கும். அதற்குப் பிறகு போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை வெள்ளை நகப்பாலிஷால் ஒரு கோடு இழுப்பேன். போல்ட் தளர்ந்து திரும்பினால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். மகள் தினமும் அந்த பைக்கில்தான் ஆஸ்பத்திரி லேபுக்குப் போகிறாள். கிளம்புமுன் குனிந்து பார்த்து, "எல்லாம் நேரா இருக்குப்பா" என்பாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

போன சனிக்கிழமை மச்சினன் முன் பிரேக்கைக் கழற்றி டயரை மாற்றி, திரும்ப மாட்டிக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் அதைக் கழற்றி மாட்ட நான் உட்கார்ந்தேன். செவ்வாய் மாலை மகள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தாள். முழங்காலில் சிராய்ப்பு.

"இறக்கத்துல பிரேக் பிடிச்சேன். முன்னாடி கடகடன்னு ஆடுச்சு. பஸ் பின்னாடி போய்ச் சொருகியிருப்பேன்பா."

முன் பிரேக்கைத் தாங்கும் இரண்டு போல்ட்டில் ஒன்றைக் காணவில்லை. எனக்குக் கை கால் ஓடவில்லை. ஓடியது வாய்தான். போனை எடுத்து மச்சினனைப் பிடித்தேன்.

"கண்ணு மண்ணு தெரியாம முறுக்கி போல்ட்டோட மரையைத் தேய்ச்சு வச்சிருக்கே! பதினெட்டு வருஷமா இதைத்தான் கத்துக்கிட்டியா? என் பொண்ணு செத்திருப்பாடா!"

கால் மணி நேரத்தில் புது போல்ட்டோடு வந்தான். என் மகளின் முழங்காலைப் பார்த்துவிட்டு வண்டியருகே குத்தவைத்து உட்கார்ந்தான். மிச்சமிருந்த போல்ட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பப் போனவன் நிறுத்திக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். நானும் குனிந்தேன். கோடு கொஞ்சமும் விலகவில்லை. ஆனால் அவன் விரலால் லேசாகத் திருப்பியதும் போல்ட் சுலபமாகச் சுழன்றது.

அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. போல்ட்டுகளைக் கழற்றி மாட்டியவன், திறந்த பாலிஷ் காய்ந்துவிடும் என்று, கையால் திருகியதோடு முதலில் கோடுகளை இழுத்துவிட்டேன். ரெஞ்ச் எடுக்க எழுந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். போல்ட் முறுக்குவது எப்படி என்று அவருக்கு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். பிறகு குளிக்கப் போய்விட்டேன்.

அவன் ஒழுங்காக முறுக்கியிருந்ததைத்தான் நான் கழற்றியிருக்கிறேன்.

மச்சினன் அந்தக் கோட்டை நகத்தால் சுரண்டி எடுத்தான். "ஆமா அத்தான். மரை போயிருக்கு போல. என் தப்புதான்."

மகளுக்கு முன்னால் என் மானத்தைக் காப்பாற்றினான். நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

புது போல்ட்டைச் சொருகிவிட்டு அவன் ஸ்பேனரை எடுத்தான். மகள் தடுத்தாள்.

"வேண்டாம் மாமா. கோவிச்சுக்காதீங்க. இனிமே உங்க பட்டறைக்கு வண்டி வராது." உள்ளே போய் என் ரெஞ்சைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "நீங்க முறுக்குங்கப்பா. அப்பதான் எனக்கு நிம்மதி."

அவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினான். வாசல்வரை போய்விட்டான்.

"நில்லுடா" என்றேன். "மரை நல்லாத்தான் இருக்கும்மா. மாமா சரியாத்தான் மாட்டியிருந்தான். நான் கழட்டிட்டு முறுக்கவே இல்லை. கோடு மட்டும் போட்டேன்."

மகள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. வண்டியைச் சுற்றி வந்து, பின் சக்கரத்தருகே குனிந்தாள். அங்கே ஒரு கோடு. ஹேண்டிலின் கீழே இரண்டு. எஞ்சினைத் தாங்கும் இடத்தில் நான்கு. எல்லாம் நேராக இருந்தன.

"அப்போ இதெல்லாம்?" என்றாள்.

அவள் என் கையிலிருந்த ரெஞ்சை வாங்கி, வாசலில் நின்ற மாமாவிடம் கொடுத்தாள்.