நானூற்றுப் பன்னிரண்டு முழங்கால்கள்

அக்டோபர் முதல் சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பதினேழு நிமிடத்துக்கு டவேரியஸ் பிராட்னாக்ஸின் இடது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அதே நிமிடத்தில் ஓக்லெட் ஊரில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் நொண்டத் தொடங்கினார்கள். ஆடுகளத்தில் இருந்த டவேரியஸ் நொண்டவில்லை. பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு இன்னும் முப்பது கஜம் ஓடி எல்லைக் கோட்டைக் கடந்தான். மைதானத்துக்கு எதிரே கெளுத்தி மீன் வறுவல் கடை வைத்திருந்த வெர்லின் ஸ்க்ரக்ஸ் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றபடி ரேடியோவில் அதைக் கேட்டாள். தன் முழங்காலுக்குள் யாரோ துணியைக் கிழிப்பதுபோல் இருந்ததால் மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

நொண்டியவர்கள் அத்தனை பேரும் 'கழுதை நண்பர்கள்' நிதிக்குச் சந்தா கட்டியவர்கள் என்பது ஞாயிறு வழிபாடு முடிவதற்குள் தெரிந்துவிட்டது. கோவேறு கழுதைகள் என்பது உள்ளூர்க் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியின் பெயர். ஆடுகிற மாணவனுக்குக் கல்லூரி சம்பளம் தரக் கூடாது; அவன் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டு ஊர் தரலாம் என்பது அந்த நாளைய சட்டம். ஊர் தந்தது. தபால்காரர் மாதம் பத்து டாலர் கட்டினார், கடைக்காரர்கள் முந்நூறு. வெர்லினின் முந்நூறுக்காக டவேரியஸ் வியாழன்தோறும் சன்னலோர மேசையில் மீன் தின்று, காகிதத் தட்டுகளில் கையெழுத்துப் போட்டு, செல்போன் கேமராவைப் பார்த்து அவள் கடை மீனைப் புகழ்ந்து இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். கொடுத்த அளவுக்கு வலித்தது. தபால்காரருக்குப் படியேறும்போது மட்டும் சுருக்கென்றது. நிதியின் தலைவரும் டிரக் வியாபாரியுமான ராய்ஸ் ஹேட்ச்செல், பையனுக்குப் புது வண்டியே ஓட்டக் கொடுத்திருந்ததால், காலை நீட்டிப் பனிக்கட்டி வைத்துக்கொண்டு கிடந்தார். இரண்டாம் வாரத்தில் நொண்டுவது ஒரு கௌரவமாகிவிட்டது. நிதிக்கு ஒரு சென்ட்கூடக் கொடுக்காதவர்களும் கைத்தடி வாங்கி நொண்டியதில் மருந்துக்கடையில் கைத்தடி தீர்ந்துபோனது.

அணியின் மருத்துவர் டவேரியஸின் முழங்காலை அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றான். அது உண்மை. வலிக்காத காலை யாரும் ஸ்கேன் எடுப்பதில்லை. ஆனால் அந்தக் கால் எந்த நிலையில் இருக்கிறது என்பது நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அதைப் பேச ராய்ஸ் எல்லாரையும் வெர்லின் கடையில் கூட்டினார். அவர் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு நுழைந்ததைப் பார்த்து, "டீம் பேரு உனக்குத்தான்யா பொருத்தம்" என்றார் தபால்காரர். கடை சிரிப்பில் அதிர்ந்தது.

"சிரிங்க, சிரிங்க. வாயத் தொறந்தா சீசன் போச்சு" என்றார் ராய்ஸ். "இன்னும் ஒரே ஒரு மேட்ச். வலிக்கறது நமக்கு. அவனுக்கு ஒண்ணுமே இல்ல. அப்ப இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

நஷ்டம் அந்தக் காலுக்குத்தான் என்று வெர்லினுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த மாதம் கடைக்கு வெளியே தெருமுனை வரை வரிசை நின்றது. பதினோரு வருடத்தில் முதல்முறையாக மீன்காரனுக்குப் பாக்கி இல்லை.

அந்த வியாழக்கிழமை டவேரியஸ் வந்து உட்கார்ந்தான். இருபது வயது, சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழி விழும். தட்டை வைத்துவிட்டு அவள் இடது காலை இழுத்துக்கொண்டு திரும்பியதை அவன் பார்த்தான்.

"மிஸ் வெர்லின், ஊர்ல எல்லாரும் ஏன் நொண்டுறீங்க? என் பார்பர் கூட நொண்டுறாரு."

அவள் உப்பு டப்பாவை நேராக வைத்தாள். "மழை வரப்போகுது கண்ணு. மூட்டுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்."

"ஓ" என்றான் அவன். "அப்ப சனிக்கிழமை தரை வழுக்கும். பாத்து ஓடணும்." இன்னும் இரண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்றான்.

சனிக்கிழமை வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆட்டத்தின் மூன்றாவது பகுதியில் எதிரணியினர் இரண்டு பேர் அவன்மேல் விழுந்தார்கள். அரங்கத்திலும் கடைகளிலும் வீடுகளிலும் நானூற்றுப் பன்னிரண்டு பேர் அலறிக்கொண்டு தரையில் சாய்ந்தார்கள். வெர்லின் கையிலிருந்த கூடை மீனோடு விழுந்தது. மைதானத்தில் சத்தம் போடாமல் இருந்தவன் டவேரியஸ் ஒருவன்தான். முன்பக்கமாக மடிந்திருந்த தன் காலை வேடிக்கை பார்த்தபடி, மறுபடி மறுபடி எழ முயன்றான். "ஏன் இது நிக்க மாட்டேங்குது?" என்று நடுவரிடம் கேட்டானாம். ஆட்டத்தில் ஓக்லெட் ஜெயித்தது.

மூன்று அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. வசந்தத்தில் நிதி புதிதாக ஒரு ஓட்டக்காரனைப் பிடித்தது. சந்தாவை அவன் பெயருக்கு மாற்றப் படிவத்தில் ஒரு கட்டத்தில் குறி போட்டால் போதும். ஒவ்வொருவர் குறி போட்டதும் அவர் கால் சரியானது, அவருடைய பங்கு வலி உரியவனிடம் போய்ச் சேர்ந்தது. ராய்ஸ் குறி போட்ட செவ்வாயன்று, இருபது மைல் தள்ளித் தாய்வீட்டுக்குப் போயிருந்த டவேரியஸ் கட்டிலிலிருந்து விழுந்தான். ஈஸ்டருக்குள் நானூற்றுப் பதினோரு பேர் நேராக நடந்தார்கள். ராய்ஸ் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

வெர்லினின் படிவம் கல்லாவுக்கு அடியில் கிடந்தது. ஜூனில் அதை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். அவன் வராந்தாவில் ஊன்றுகோல்களோடு உட்கார்ந்திருந்தான். உட்காரச் சொல்லவில்லை.

"அன்னிக்கு மழைன்னு சொன்னேனே…" என்று ஆரம்பித்தாள்.

"வெயில் அடிச்சுது மேடம்" என்றான். "எனக்கு ஞாபகம் இருக்கு."

அவள் அழுதாள். அவன் அவள் அழுது முடிக்கும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் கையிலிருந்த படிவத்தைச் சுட்டிக்காட்டி, "நீங்க மட்டும் அதுல குறி போட்டுராதீங்க. உங்க பங்கும் வந்துச்சுன்னா என்னால பாத்ரூம் வரைக்கும்கூடப் போக முடியாது" என்றான்.

நிதி அவன் கணக்கை மூடிவிட்டதால் அவள் நேராகவே காசோலை அனுப்புகிறாள். எதற்காக என்ற இடத்தில் 'விளம்பரம்' என்று எழுதுகிறாள். அவனும் ஒப்பந்தப்படி மாதம் ஒரு முறை, சிரிக்காமல், மீன் நன்றாக இருக்கும் என்று செல்போனில் சொல்லி அனுப்புகிறான். அவள் நொண்டுவதைப் பற்றி ஊரில் யாரும் கேட்பதில்லை. விடிகாலையில் இடது முழங்கால் சுரீரென்று இழுக்கும்போது, அவன் எழுந்து நின்றுவிட்டான் என்று தெரிந்துகொண்டு, வெர்லின் அடுப்பைப் பற்றவைக்கிறாள்.