இடது வேலி எத்தனை அடி?

1

இந்தக் கதை ஒரு குறுஞ்செய்தியில் பிறந்தது. பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. சென்ற செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் மாவட்டத்து நில அளவையாளர் ஒருவருக்கு அது வந்தது. அனுப்பியவன் கோல்பி உன்ரூ என்ற பேஸ்பால் ஆட்டக்காரன். போன வருடம்வரை கான்சாஸில் எங்கள் ஊர் ப்ளம் ஃபோர்க்கின் சின்னக் கல்லூரிக்கு ஆடிக்கொண்டிருந்தவன், இப்போது தெற்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் அணியில் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.

செய்தி இதுதான்: "சார், போன ஏப்ரல்ல அளந்தோமே, நம்ம மைதானத்து இடது வேலி, அது முந்நூத்தி முப்பது அடிதானே? ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க. இங்க ஆடறதா, மூட்டையைக் கட்டிட்டு வீட்டுக்கு வர்றதான்னு அன்னிக்கு நான் முடிவு பண்ணணும்."

இன்று சனிக்கிழமை. நான்கு நாட்களாகக் கதைக்கு ஒரு முதல் வரி தேடிக்கொண்டிருக்கிறேன்.

முதல் முயற்சி: பந்து வானத்தில் ஏறியதும் மைதானமே எழுந்து நின்று

[விட்டுவிட்டேன். எங்கள் ஊர் ஆட்டத்துக்கு அறுபது பேர் வந்தால் பெரிய விஷயம். அதில் பாதிப்பேர் வண்டியை விட்டே இறங்க மாட்டார்கள்.]

இரண்டாம் முயற்சி: கோதுமை மூட்டை தூக்கித் தூக்கி உரமேறிய கைகள் கோல்பியுடையவை, அவன்

[சுத்தப் பொய். இங்கே கோதுமையை மூட்டை கட்டி எவன் தூக்குகிறான்? குழாய் வழியாக நேராகக் கிடங்குக்குப் போய்விடும். இதைப் படித்தால் கோல்பியின் அப்பா வயிறு வலிக்கச் சிரிப்பார்.]

மூன்றாவது முயற்சியாக வேலியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2

பேஸ்பாலில் ஒரு விசித்திரம் உண்டு. இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அது பிடிபடவில்லை.

உள்ளே எல்லாமே அங்குலக் கணக்கு. அடித்தவன் ஓடித் தொடுகிற ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் தொண்ணூறு அடி. பந்து எறிபவன் நிற்கும் இடத்துக்கும் ஹோம் பிளேட்டுக்கும், அதாவது அடிப்பவன் பக்கத்தில் நிற்கிறானே அந்த வெள்ளைத் தட்டுக்கும், அறுபது அடி ஆறு அங்குலம். ஒரு அங்குலம் கூடினாலும் அடிதடிதான். ஆனால் வெளிவேலி? அது ஊருக்கு ஊர் வேறு. கோட்டோரத்தில் முந்நூற்று முப்பது அடி இருந்தால் நல்லது என்று விதிப்புத்தகம் சொல்லும், இருந்தே தீரவேண்டும் என்று சொல்லாது. பின்னால் ரயில் பாதை இருந்தால் வேலி உள்ளே வந்துவிடும். வயல் இருந்தால் தள்ளிப்போகும். பந்து அந்தரத்திலேயே வேலியைத் தாண்டினால் ஹோம் ரன். தாண்டாமல் கையில் விழுந்தால் ஆள் காலி. ஒரே அடி, ஒரே கை, ஒரே பந்து! ஓர் ஊரில் வீரன், அடுத்த ஊரில் வேஸ்ட். யோசித்தால் தலை சுற்றுகிறது.

எங்கள் மைதானத்தின் இடது வேலியில் ஓர் ஆள் உயரத்துக்கு 330 என்று எழுதியிருக்கும். ஆறு வருடத்துக்கு முன்னால் புல்லை எடுத்துவிட்டுச் செயற்கைப் புல் விரித்தார்கள். பின்பக்கம் புது இருக்கைகளுக்கு இடம் போதவில்லை. அதனால் ஹோம் பிளேட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்கள். எவ்வளவு என்று யாரும் குறித்து வைக்கவில்லை. வேலி நின்ற இடத்திலேயே நின்றது. எண்ணும்தான்.

மைதானத்தைப் பராமரிக்கும் ரோண்டா பென்னரிடம் இதைக் கேட்டால் அவருக்குச் சுள்ளென்று வரும். "சாயம் அடிக்கிறதுதான் என் வேலை, அளக்கிறது இல்ல. வருஷா வருஷம் அந்த முந்நூத்தி முப்பது மேலயே இன்னொரு முந்நூத்தி முப்பது அடிக்கிறேன். இப்ப என்னங்கிற?"

3

இனி கோல்பி.

போன வருடம் ஏப்ரலுக்குள்ளேயே அவன் பத்தொன்பது ஹோம் ரன் அடித்திருந்தான். அதில் பதினைந்து உள்ளூரில், எல்லாமே இடது பக்கம். பெரிய பல்கலைக்கழகத்துப் பயிற்சியாளர் ஏப்ரலில் அவனைத் தொலைபேசியில் அழைத்தார்.

"பத்தொன்பதா! சபாஷ். உங்க இடது வேலி எவ்வளவு?"

"முந்நூத்தி முப்பது சார். வேலியிலயே எழுதியிருக்கு."

மறுமுனையில் சிரிப்பு. "எழுதறதுக்கென்னப்பா, நானூறுன்னுகூட எழுதலாம். நீங்க பிளேட்டை நகர்த்தினதா இங்க ஒரு பேச்சு இருக்கு. யாரையாவது வச்சு ஒழுங்கா அளந்துட்டுக் கூப்பிடு. முந்நூத்தி முப்பதுன்னா உனக்கு இங்க இடம் இருக்கு."

கோல்பி தொலைபேசியை வைத்தான். இடம் போவது ஒருபக்கம் இருக்கட்டும். எட்டு வயதிலிருந்து அவனுக்கு ஒரே நம்பிக்கை, தன்னால் பந்தைத் தூரம் அடிக்க முடியும் என்பது. அதுவே பொய்யா? தான் அடித்தானா, வேலி அடித்ததா?

அவன் உடனே வேலியை அளக்கவில்லை. [ஏன் அளக்கவில்லை என்று கதை எழுதுபவன் சொல்லவேண்டும். எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கலாம்.] பந்து விழுந்த இடங்களை அளக்கலாம் என்று கிளம்பினான்.

எங்கள் ஊரில் இடது வேலிக்குப் பின்னால் பிக்கப் வண்டிகளைப் பின்பக்கமாக நிறுத்தி, பின் தட்டில் நாற்காலி போட்டு ஆட்டம் பார்ப்பார்கள். பந்து வந்து வண்டியில் விழுந்தால் அந்தப் பள்ளத்தைத் தட்டி நிமிர்த்த மாட்டார்கள். பக்கத்தில் பேனாவால் தேதியும் அடித்தவன் பெயரும் எழுதி வைப்பார்கள். கோல்பியின் பெயர் எட்டு வண்டிகளில் இருந்தது.

முதலில் டுவேன் ஹீபர்ட். எழுபது வயது, சொந்தமாகச் சோள வயல், வாய் மட்டும் ஓயாது.

"டுவேன், அந்த மார்ச் ஒன்பது பந்து, அன்னிக்கு வண்டி எங்க நின்னுச்சு?"

"எங்கயா? அதோ, அந்தக் கம்பம் தெரியுதா? அதுக்கும் அந்தாண்ட!"

"அந்தாண்ட வாய்க்கா இருக்கே."

"வாய்க்காலுக்கு இந்தாண்ட, கம்பத்துக்கு அந்தாண்ட. நானூறு அடி இருக்கும்டா! எமகாதகா, எப்படி அடிச்சே!"

"அன்னிக்கு உங்க பக்கத்துல உக்காந்திருந்த உங்க மச்சான், கம்பத்துக்கு இந்தப் பக்கம்னு சொல்றாரே."

"அவன் கெடக்கான். அவன் பீர் தேடிட்டிருந்தான், பந்தையா பாத்தான்?"

எட்டு வண்டிக்காரர்களும் இப்படித்தான். ஒருவர்கூடக் குறைத்துச் சொல்லவில்லை. தன் வண்டியில் பள்ளம் போட்ட பந்து சாதாரணப் பந்தாக இருக்க யார் சம்மதிப்பார்கள்? ஒரே பந்து மூன்று பேர் வாயில் மூன்று இடத்தில் விழுந்தது. கோல்பி ஒரு காகிதத்தில் எண்களை எழுதி, அடித்து, மறுபடி எழுதிப் பார்த்தான். கடைசியில் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு நில அளவையாளரிடம் போனான்.

4

நில அளவையாளர் பெயர் அர்லன் ஸ்டக்கி. ஒல்லியான மனிதர், ஞாயிறு தவறாமல் தேவாலயம், காபியில் சர்க்கரை கிடையாது. இருபத்தாறு வருடமாக இந்த மாவட்டத்தின் எல்லைத் தகராறுகளை அளந்து தீர்ப்பவர். கோல்பியின் அப்பாவுக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் வந்த வழக்கில் அளந்ததும் அவர்தான். அவர் ஓர் எண்ணைச் சொன்னால் நீதிமன்றம் மறுபேச்சுப் பேசாது.

கோல்பி ஹோம் பிளேட்டில் அளவுநாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டான். அர்லன் கோட்டோரமாக நடந்து வேலிக் கம்பத்தில்

வரைவு அ: முந்நூற்று முப்பத்தொன்று! "தம்பி, ஓரடி கூடவே இருக்குடா!" கோல்பி துள்ளிக் குதித்தான். [இப்படி எழுதிவிட்டு ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தேன். நல்ல கதை. ஆனால் முந்நூற்று முப்பத்தொன்றாக இருந்தால் இந்த வருடம் அங்கே அவன் ஒரே ஒரு ஹோம் ரன்னோடு ஏன் நிற்கிறான்?]

வரைவு ஆ: முந்நூற்றுப் பதினான்கு. அர்லன் உள்ளதைச் சொன்னார். கோல்பி அழுதான், ஊரிலேயே தங்கினான். [நடக்கவில்லை. அவன் போனான்.]

வரைவு இ: முந்நூற்றுப் பதினான்கு. அர்லன் "முந்நூற்று முப்பது" என்று பொய் சொன்னார்.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். அர்லன் பொய் சொல்ல மாட்டேன் என்கிறார். ஐந்து முறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நாடாவைப் படித்துவிட்டு, "பதினாறு அடி குறையுது தம்பி, மன்னிச்சுக்க" என்கிறார். நான் படைத்த ஆளாயிற்றே, என் பேச்சைக் கேட்கவேண்டாமா? மனைவிக்கு நோய் கொடுத்துப் பார்த்தேன், செத்துப்போன மகன் ஒருவனைக் கொடுத்துப் பார்த்தேன். ஊஹூம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

5

போதும். அர்லன் ஸ்டக்கி என்று யாரும் இல்லை. நாடாவைப் பிடித்தது நான். இருபத்தாறு வருடமாக இந்த மாவட்டத்தை அளப்பவன் நான்தான். பெயர் செண்பகராமன். ஊருக்கு மிஸ்டர் ஷென். எனக்கு நோயாளி மனைவியும் இல்லை, இறந்த மகனும் இல்லை. காபியில் மூன்று கரண்டி சர்க்கரை போடுவேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் நாடா முந்நூறு அடி நீளம். ஒரே இழுப்பில் போதாது. முந்நூறில் ஓர் ஆணியைக் குத்திவிட்டு கோல்பியைக் கூப்பிட்டேன். அவன் வந்து ஆணியில் நுனியைப் பிடித்தான். மிச்சத்தை நான் இழுத்துக் கம்பத்தில் வைத்தேன். பதினான்கு அடி, ஒரு சொச்சம்.

கவனியுங்கள். மிச்சம் முப்பது அடி இருக்கவேண்டும். இருந்தது பதினான்கு. ஆணிக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு பிக்கப் வண்டியை நீளவாக்கில் நிறுத்த இடம் போதாது. அவன் அங்கேயே குந்தியிருக்கிறான், என் செருப்பு அவனுக்குத் தெரிகிறது. நாடாவைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

"எவ்வளவு சார்?" என்றான். என்னைப் பார்க்கவில்லை. ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முப்பது," என்றேன். "மொத்தம் முந்நூத்தி முப்பது."

"சரியா இருக்கா?"

"கச்சிதமா இருக்கு."

அவன் எழுந்து என் கையை இறுகப் பிடித்துக் குலுக்கினான். அவன் கண் கலங்கியிருந்தது. பின்பு நாடாவை அவனே மளமளவென்று சுருட்டித் தந்தான். எட்டு நாளில் பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் உறுதியாயிற்று. டுவேன் தன் செலவில் எல்லாருக்கும் பார்பெக்யூ போட்டார். நானும் போய்ச் சாப்பிட்டேன்.

ஏன் சொன்னேன்? கதையில் காரணம் இல்லாவிட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். எனக்குத் தெரிந்தவரை இதுதான்: இருபத்தாறு வருடத்தில் நான் சொன்ன ஒவ்வோர் எண்ணுக்கும் யாராவது ஒருவர் முகம் வாடியிருக்கிறது. வேலியை நகர்த்து, கொட்டகையை இடி, மரம் உன்னுடையது இல்லை. ஒரே ஒரு தடவை ஓர் எண்ணைச் சொல்லி ஒருவன் முகம் மலர்வதைப் பார்க்க ஆசையாக இருந்தது. அவ்வளவுதான். கேவலமாக இருக்கிறதா? எனக்கும்தான்.

6

புதன்கிழமை தாங்காமல் அவனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"என்னப்பா, எப்படி இருக்கே?"

"அடிக்கவே வரல சார். பிடியை மூணு தடவ மாத்திட்டேன், நிக்கிற விதத்தை மாத்திட்டேன். நம்ம ஊர்ல பந்து வேலியைத் தாண்டிப் போச்சே சார், அதே கைதானே? எங்க தொலைச்சேன்னே தெரியல."

"கோல்பி..."

"அந்த அளவு மட்டும் சரின்னா, என்கிட்ட அது இருந்துச்சுன்னு அர்த்தம். இருந்தது திரும்பி வரும்ல? அதனாலதான் கேக்கறேன். இப்ப சொல்லாதீங்க. யோசிச்சு ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதி அனுப்புங்க."

யோசித்து எழுதி அனுப்பவா? எண் என்றால் யோசிக்க என்ன இருக்கிறது? அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. அன்றைக்கே அவனுக்குத் தெரியுமா? தெரிந்தும் சும்மா இருந்தானா? இப்போது உண்மையைக் கேட்கிறானா, இன்னொரு தரம் பொய்யைக் கேட்கிறானா?

முடிவு ஒன்று: "ஆமாம்" என்று எழுதுகிறேன். தன்னிடம் இல்லாததைத் தொலைத்துவிட்டதாக நினைத்து இன்னும் இரண்டு வருடம் தேடுவான்.

முடிவு இரண்டு: "பொய் சொன்னேன்" என்று எழுதுகிறேன். தேடுவதை நிறுத்துவான். எட்டு வயதிலிருந்து இருந்த ஒன்றும் போகும். அப்புறம் என் அளவுநாடாவை இந்த மாவட்டத்தில் யார் நம்புவார்கள், அவன் அப்பாவின் வழக்கு என்ன ஆகும் என்ற கேள்வியும் வரும். [அந்த வழக்கில் சரியாகத்தான் அளந்தேன். சத்தியமாக.]

முடிவு மூன்று: உண்மையில் அவன் பந்துகளில் சில முந்நூற்று முப்பதையும் தாண்டியிருக்கும். எத்தனை? ஐந்தா, பத்தா? டுவேனைக் கேட்டால் எல்லாமே என்பார். எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

மூன்றையும் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. பதினைந்து வருடமாக நான் தமிழில் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. கடைச் சீட்டுகூட இங்கிலீஷில்தான். இந்தக் கதை மட்டும் முதல் வரியிலிருந்தே தமிழில் வந்துகொண்டிருக்கிறது. வேறு காரணம் ஒன்றும் இல்லை. கோல்பியால் இதைப் படிக்க முடியாது. ப்ளம் ஃபோர்க்கில் ஒருவராலும் முடியாது.

அவனுக்கு அனுப்ப வேண்டிய செய்தியில் இதுவரை ஒரு வார்த்தை எழுதவில்லை. உங்களுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள் என்று கேள்வி. நீங்கள் அவர்களில் ஒருவராக இருந்தால், நாளை மத்தியானம் ஆட்டம் இருக்கிறது. அவன் சட்டையில் இருபத்தேழு. ஆடமாட்டான், ஓரத்தில் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பக்கத்தில் போய் நின்றால் மரியாதையாகப் பேசுவான், நல்ல பையன். வேலியின் உண்மையான எண் உங்களுக்குத் தெரியும். எனக்கு முன்னால் நீங்கள் சொல்லிவிட்டால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.