ரங்கூனில் இருந்த பதிவேடு

பணம் என்றால் முடங்கும். ஆள் என்றால் மாட்டிக்கொள்வான். கட்டிக்கொடுத்த பெண் என்றால் தாய்வீட்டில் தங்கிவிடுவாள். வெளியே வர வழியில்லாத நிலை ஒன்றுதான். நம் பேச்சில் அது யாருக்கு நேர்ந்தது என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது. 1942 சித்திரையில், பொன்னமராவதிக்கு இரண்டு மைல் தள்ளி இருந்த உண்ணாமலையின் வீட்டில் இந்தச் சொற்கள் எல்லாமே தேவைப்பட்டன.

அவள் புருஷன் உடையப்பன் ரங்கூனில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் கணக்கு எழுதியவர். ஜப்பான்காரன் உள்ளே புகுந்த பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. பதினைந்து வருஷச் சம்பாத்தியத்தை அவர் பர்மா ரப்பர் கம்பெனி ஒன்றில் ஷேராகப் போட்டிருந்தார். பத்திரங்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்தன. மகள் சொர்ணவல்லி, பேசிய சீரில் பாதி வரவில்லை என்பதற்காக, நான்கு மாத வயிற்றோடு திருப்பி அனுப்பப்பட்டிருந்தாள். சம்பந்தி ஐயனார் ஆவணி வரை கெடு வைத்திருந்தார். அதற்குள் மீதி வராவிட்டால் பையனுக்குக் கட்ட வேறு பெண் தயாராக இருந்தாள்.

ஷேரை விற்றால் மகள் வாழப் போவாள். ஆகவே உண்ணாமலை ஆத்மநாதனிடம் போனாள். பொன்னமராவதிக் கடைவீதியில் அவருக்குப் பலசரக்குக் கடை. சென்னையில் உள்ள ஒரு ஷேர் தரகருக்கு இந்தப் பக்கத்து ஆளும் அவர்தான்.

ஆத்மநாதன் பொறுமையாக விளக்கினார். ஆட்டை விற்றால் கயிற்றைக் கைமாற்றினால் போதும். ஷேர் அப்படியில்லை. பத்திரம் யார் கையில் இருந்தாலும், அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். வாங்க ஆள் இருந்தது. வெள்ளைக்காரன் எப்படியும் ரங்கூனைத் திரும்பப் பிடிப்பான் என்று நம்புகிற சிலர் சென்னையில் கால் விலைக்கு இத்தகைய ஷேர்களை வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். கையெழுத்துப் போடத்தான் ஆள் இல்லை. ஆத்மநாதன் தரகருக்கு எழுதிக் கேட்டார். பெயருக்குரியவர் இறந்திருந்தால் அதற்கு அத்தாட்சியும், வாரிசின் கையெழுத்தும் போதும் என்று பதில் வந்தது.

கொழுந்தன் பெரியகருப்பனுக்கு அந்தப் பதில் உடனே பிடித்துவிட்டது. அண்ணன் குண்டுவீச்சில் போயிருப்பார், இத்தனை நாள் தகவல் இல்லாமல் யாராவது இருப்பார்களா என்றான். அத்தாட்சி எழுத வேண்டிய மணியக்காரர் இரண்டு நிபந்தனை சொன்னார். சாவுச் செய்தியைக் காதால் கேட்டதாக ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். தாலியோடு திரிகிறவளுக்குத் தம்மால் எழுதித் தர முடியாது. ஊரறியக் கருமாதி நடக்க வேண்டும். முதல் நிபந்தனைக்கு ஐயனாரே முன்வந்தார். பணம் அவருக்குத்தானே வரப்போகிறது.

உண்ணாமலை ஒன்பது நாள் பிடிவாதமாக இருந்தாள். பத்தாம் நாள் பெரியகருப்பன் வாசலில் நின்று சொன்னான்: "தாலி கழுத்துல கெடக்குற வரைக்கும் ஷேர் பெட்டியிலதான் கெடக்கும், மதினி. எதை எறக்குறதுன்னு நீங்களே சொல்லுங்க."

"அவுக வந்துட்டா?"

"வந்தா நல்லதுதான? இன்னொருக்கா கட்டச் சொல்லுவோம்."

சொர்ணவல்லி உள்ளே படுத்திருந்தாள். அம்மா அவளைப் பார்த்தாள். மகள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உடல் கிடைக்காத சாவுக்கு ஒரு முறை உண்டு. வைக்கோலை முறுக்கிக் கையும் காலும் கட்டுவார்கள். தலைக்குத் தேங்காய். அதற்கு இறந்தவரின் வேட்டியைச் சுற்றி, ஆளாகவே பாவித்து எரிப்பார்கள். உயரம் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக, உடையப்பன் எத்தனை முழம் என்று கேட்டார்கள். உண்ணாமலை தன் கையால் அளந்து காட்டினாள். அன்று சாயங்காலம் கண்மாய்க்கரையில் பெண்கள் அவளைச் சுற்றி நின்று, தாலியை இறக்கிப் பால் கிண்ணத்தில் போட்டார்கள். மறுநாளே மணியக்காரர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து எல்லாக் காகிதமும் திரும்பி வந்தது.

ஆத்மநாதன் மறுபடியும் விளக்கினார். இந்த முறை அவருக்கே அது புதிதாக இருந்ததால் உற்சாகமாக விளக்கினார். பத்திரம் ஷேர் அல்ல. கம்பெனியில் ஒரு பெரிய பதிவேடு இருக்கும். அதில் உடையப்பன் பெயரும் எண்ணிக்கையும் ஒரு வரியாக எழுதியிருக்கும். அந்த வரிதான் ஷேர். பத்திரம் அந்த வரிக்குக் கொடுத்த ரசீது. விற்பது என்றால் அந்த வரியில் பழைய பெயரை அடித்துப் புதிய பெயரை எழுதுவது. பதிவேடு ரங்கூனில், கம்பெனியின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. ரங்கூன் ஜப்பான்காரனிடம் இருக்கிறது.

"இதை மொதல்லயே கேட்டிருக்கலாமேண்ணே?"

"கேட்டிருக்கலாம் ஆத்தா. கையெழுத்து யாரு போடணும்னு கேட்டேன். புஸ்தகம் எங்க இருக்குன்னு கேக்கத் தோணலை."

ஐயனார் கத்தவில்லை. கத்தினால் சாட்சிக் கையெழுத்துப் போட்ட கதையும் வெளியே வரும். தாலிப் பொன்னையும் கறவை மாட்டையும் வாங்கிக்கொண்டு, மீதியை யுத்தம் ஓய்ந்ததும் தரலாம் என்று சொல்லி மருமகளை அழைத்துப் போனார்.

ஆவணி முதல் வாரம் உண்ணாமலை மகளுக்கு அனுப்ப ஓமமும் சுக்கும் வாங்கக் கடைக்கு வந்திருந்தபோது, தபால்காரர் இன்னாசி ஓர் அஞ்சலட்டையோடு வந்தார். அவளுக்கு வரும் தபாலை ஆத்மநாதன்தான் படித்துச் சொல்வது. படித்தார். கல்கத்தாவில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. காட்டு வழியாக நடந்தே வந்து சேர்ந்தேன்; இடது காலில் விரல்கள் இல்லை; ரயில் சத்தத்துக்குப் பணம் அனுப்பினால் வந்துவிடுவேன்; சொர்ணம் சுகமா. கீழே உடையப்பன் கையெழுத்து.

உண்ணாமலை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். பிறகு, அவுக வந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். ஆத்மநாதன் இதையும் வரிசையாகச் சொன்னார். பொய் அத்தாட்சிக்காக மணியக்காரர் உள்ளே போவார். பொய்ச் சாட்சிக்காக ஐயனாரும் போவார். போகிறதற்கு முன்னால் சொர்ணவல்லியைத் தெருவில் நிறுத்திவிட்டுப் போவார்.

"அவளுக்கு இது எட்டு மாசம்" என்றாள் உண்ணாமலை. பிறகு, "இதை வாங்காமத் திருப்பி அனுப்ப முடியுமா?"

முடியும். உறை என்றால் பிரித்தது தெரியும். அஞ்சலட்டையில் பிரிப்பதற்கு ஒன்றுமில்லை, படித்தது யாருக்கும் தெரியாது. காரணம் மட்டும் எழுத வேண்டும். வாங்க மறுத்தார் என்று எழுதினால் அவர் கோபத்தோடு கிளம்பி வருவார். இந்த விலாசத்தில் இல்லை என்று எழுதினால் தேடிக்கொண்டு வருவார். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று சொல்லி ஆத்மநாதன் நிறுத்திக்கொண்டார்.

"தம்பிக்கும் சம்பந்திக்கும் எழுதிக் கேப்பாக" என்றாள் அவள்.

"பெரியகருப்பன் பதில் போட மாட்டான். ஐயனார் போடவே மாட்டார்."

இன்னாசி காதிலிருந்து பென்சிலை எடுத்து நாக்கில் தொட்டுக்கொண்டு காத்திருந்தார்.

"நான் செத்துப்போயிட்டேன்னு எழுதுங்க" என்றாள் உண்ணாமலை.

இன்னாசி எழுதினார். அஞ்சலட்டையைத் திரும்பிப் போகிற கடிதங்களோடு சேர்த்துக் கட்டினார். அவள் சுக்கை நிறுத்துத் தரச் சொன்னாள்.